‘எக்செல் மாதிரியே இருக்கட்டும்’ என்பவருக்கு எதைச் செய்து தருவது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் உங்கள் தாய்மாமா நடத்தும் தோல் கிடங்கின் இருப்புக் கணக்குக்காக ஒரு செயலி உருவாக்குகிறீர்கள். அங்கே பல ஆண்டுகளாக எக்செலில் கணக்கு வைத்துப் பழகிய மேலாளர், புதிதாக எது வந்தாலும் எக்செல் மாதிரியே இருக்கட்டும் என்கிறார். நீங்கள் இரண்டு நாள் கிடங்கில் உட்கார்ந்து பார்த்ததில், ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து தரும் இடங்களுக்கு, வெளியே போன லாட் (ஒரே தொகுதியாகக் கணக்கிடும் சரக்கு) முழுவதும் திரும்பி வந்ததா என்பதில்தான் கணக்கு தடுமாறுகிறது என்று கண்டிருக்கிறீர்கள். பயனரின் தேவைதான் முதல் என்று வகுப்பில் படித்திருக்கிறீர்கள். பயனரின் எதிர்பார்ப்பை மீறக் கூடாது என்றும் படித்திருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றா, வேறென்றால் மோதும் இடத்தில் எதன் பக்கம் நிற்பது என்பது உங்கள் கேள்வி.

இரண்டும் வேறு. தேவை, வேலை முடிந்தபின் கையில் இருக்க வேண்டியது. எதிர்பார்ப்பு, அந்த வேலைக்குப் போகும் வழி எப்படி இருக்கும் என்று பயனர் முன்கூட்டியே மனத்தில் கொண்டுவருவது. இப்படிப் பிரித்துப் பார்த்தால், மோதுவதாக நாம் நினைக்கும் இடங்களில் பெரும்பாலானவற்றில் மோதலே இல்லை என்பது தெரியும். உண்மையிலேயே மோதும் இடங்கள் சில உண்டு. அவற்றுக்குத் தனி நெறி வேண்டும். வேலூரிலும் சுற்று ஊர்களிலும் சிறு நிறுவனங்களுக்குத் திரைகள் வடிவமைத்து வருபவன் என்ற முறையிலும், இந்த இரண்டையும் குழப்பிப் பிறருக்குத் தொல்லை கொடுத்தவன் என்ற முறையிலும், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எதிர்பார்ப்பு என்றால் என்ன என்பதற்கு வீட்டுச் சுவரிலுள்ள மின்விசைப் பொத்தானைவிட எளிய சான்று இல்லை. நம் நாட்டில் பொத்தானைக் கீழே அழுத்தினால் விளக்கு எரியும். அமெரிக்காவில் மேலே தள்ளினால் எரியும். விளக்கு எரிய வேண்டும் என்ற தேவை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். எந்தப் பக்கம் சரி என்பதற்கு இயற்கையில் எந்தக் காரணமும் இல்லை. ஆயினும் அங்கிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் இருட்டில் ஒவ்வொரு முறையும் தவறாகவே அழுத்துவார்கள், ஏனென்றால் கை மூளையைக் கேட்டுக்கொண்டு நகர்வதில்லை. எதிர்பார்ப்பு என்பது பிற இடங்களில் கை கற்றுக்கொண்ட பாடம். இணையத்தளப் பயன்பாட்டை நெடுங்காலம் ஆராய்ந்த யாகோப் நீல்சன் இதைத்தான் வேறு வகையில் சொன்னார்: மக்கள் தம் நேரத்தின் பெரும்பகுதியை உங்கள் தளத்தில் கழிப்பதில்லை, மற்றவர்களுடைய தளங்களில் கழிக்கிறார்கள், ஆகவே உங்களுடையதும் அவற்றைப் போலவே நடக்கும் என்று எண்ணித்தான் வருகிறார்கள்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: வாயால் சொல்லப்படும் விருப்பம். உங்கள் மேலாளர் ‘எக்செல் மாதிரியே’ என்று சொன்னது அது. அதைத் தேவை என்று எடுத்துக்கொண்டால் எக்செலை மறுபடி எழுதிக் கொடுப்பீர்கள். வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கினால் அவர் பயன்படுத்த முடியாத ஒன்றைக் கொடுப்பீர்கள். அந்தச் சொல்லுக்குள் தேவை எவ்வளவு, எதிர்பார்ப்பு எவ்வளவு என்று பிரித்தெடுப்பதுதான் நம் வேலையில் மிகுந்த பொறுமை கேட்கும் பகுதி. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு டோக்கன் திரை.

சில ஆண்டுகளுக்கு முன் வேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு, அதன் பெயர் இங்கே வேண்டாம், காத்திருப்போர் கூடத்தில் வைக்கும் திரையைச் செய்து கொடுத்தேன். வேலூரின் நோயாளர் கூட்டம் மற்ற ஊர்களின் கூட்டம் போன்றது அன்று. 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறிய மருத்துவ நிலையம் சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்ததன் விளைவாக, மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் தங்கும் விடுதிகளிலும் மருந்துக் கடைகளிலும் வங்க எழுத்தில் பலகைகள் இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் சொல்லும் கூடத்தில் ஒரே பெஞ்சில் அணைக்கட்டு என்னும் ஊரின் விவசாயி, சித்தூர் பக்கத்துத் தெலுங்குப் பெண்மணி, பேரணாம்பட்டிலிருந்து வந்த உருது பேசும் பெரியவர், ஏறத்தாழ முப்பது மணி நேரம் ரயிலில் வந்த வங்காளக் குடும்பம் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள்.

நிலையத்தின் பொறுப்பாளர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கவுண்டரில் கூட்டம் நிற்கக் கூடாது, ஆகவே டோக்கன் எண்ணைப் பெரிதாகக் காட்டுங்கள். காட்டினேன். கூடத்தின் கடைசி வரிசையிலிருந்தும் படிக்க முடிந்த எண்கள், நல்ல நிற வேறுபாடு, மணியோசை எல்லாம் இருந்தன. கூட்டம் அப்படியே கவுண்டரில் நின்றது. ஒரு வாரம் கழித்துப் பொறுப்பாளர் மனம் வருந்தி அழைத்தபோது, எழுத்தை இன்னும் பெரிதாக்கவா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. அந்த அளவுக்குச் சொல்லப்பட்ட விருப்பத்தையே தேவையாக எண்ணியிருந்தேன்.

அதன்பின் மூன்று நாள் காலை ஆறரை மணிக்கே போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். முதலில் கண்ணில் பட்டது வரிசையின் சிக்கல். சர்க்கரைப் பரிசோதனைக்கு வருபவர் வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். இரண்டாம் முறை வருபவரைக் காக்க வைக்கக் கூடாது. நேரம் தப்பினால் அளவு பொருளற்றதாகிவிடும். ஆகவே 61ஐ அழைத்த பிறகு திரையில் 23 வரும். 62ஐக் கையில் வைத்திருப்பவர் எழுந்து சண்டைக்கு வருவார். அவர்மீது தவறில்லை. ரேஷன் கடையிலும் வங்கியிலும் எண் வரிசையாகத்தான் போகும் என்று அவருக்கு நாடே கற்றுக்கொடுத்திருக்கிறது. என் திரை மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பாடத்தை மீறியது. அங்கே நோயாளியின் தேவையைச் சரியாக நிறைவேற்றிய நடைமுறை, எதிர்பார்ப்பை மீறிய ஒரே காரணத்தால் அநீதி போலத் தெரிந்தது.

தீர்வு எளிதாக இருந்தது. இரண்டாம் முறை வருபவர்களுக்கு மஞ்சள் சீட்டு, திரையில் அவர்களுக்கென்று ‘சாப்பிட்டபின்’ என்ற தனி வரி. ஒவ்வொரு வரியிலும் எண்கள் ஏறுவரிசையிலேயே போயின. நடைமுறையில் எதுவும் மாறவில்லை. யாருக்கு முன்னுரிமையோ அவருக்கே முன்னுரிமை. எண் வரிசையாகப் போகும் என்ற எதிர்பார்ப்புக்கு மட்டும் இடம் கிடைத்தது. அதோடு சண்டை நின்றது.

கூட்டம் மட்டும் குறையவில்லை. மூன்றாம் நாள் என் பக்கத்தில் ஒரு மூதாட்டி தம் மகளோடு உட்கார்ந்திருந்தார். முந்தைய இரவு எட்டு மணியிலிருந்து எதுவும் சாப்பிடாதவர். கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தும் போகாமல் ஒரு மணி நேரம் அடக்கிக்கொண்டிருந்தார், ஏனென்றால் அந்த நேரத்தில் எண் போய்விட்டால் மறுபடி கடைசியிலிருந்து நிற்க வேண்டியிருக்கும் என்று பயந்தார். அதைக் கேட்பதற்காகத்தான் மகள் மூன்று முறை கவுண்டருக்குப் போய் வந்தாள். நான் கண்களுக்குப் பெரிய எண்ணைக் கொடுத்திருந்தேன்; அவர்களுக்கு வேண்டியிருந்தது, எழுந்து போனால் ஒன்றும் ஆகாது என்ற உறுதி. இத்தனைக்கும் நிலையத்தில் அந்த நடைமுறை ஏற்கெனவே இருந்தது: எண் தவறிப்போனவர் வந்து சொன்னால் அடுத்ததாக அவரையே எடுத்துக்கொள்வார்கள். அது ஊழியருக்குத் தெரியும், நோயாளிக்குத் தெரியாது. டோக்கன் சீட்டின் அடியில் ‘உங்கள் எண் தவறினாலும் கவலை இல்லை, கவுண்டரில் சொல்லுங்கள், அடுத்து நீங்கள்தான்’ என்று நான்கு மொழிகளில் அச்சிட்டோம். திரையில் ‘இன்னும் எத்தனை பேர்’ என்பதைச் சேர்த்தோம். அதற்குப் பிறகுதான் கவுண்டர் வெறிச்சோடியது. பொறுப்பாளர் கேட்டது அதைத்தான், கேட்ட வழியில் அல்லாமல்.

அதே கூடத்தில் இன்னொன்றும் நடந்தது. எதிர்பார்ப்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்பதற்காக அதைச் சொல்கிறேன். வங்கதேசத்திலிருந்து வந்த ஒரு முதியவர், வங்க மொழி தெரிந்த உதவியாளர் நான்காம் எண்ணை அழைத்ததும் எழுந்து போனார். அவர் கையிலிருந்த சீட்டில் 8 என்று இருந்தது. முந்திக்கொள்ளப் பார்க்கிறார் என்று ஊழியர் கடிந்துகொண்டார். முதியவர் சீட்டைத் திரும்பத் திரும்பக் காட்டினார். பிறகுதான் புரிந்தது: வங்க எழுத்தில் நான்கு என்னும் எண் பார்வைக்கு நம் 8 போலவே இருக்கும். அங்கே ஏழு என்பதும் ஏறத்தாழ நம் 9 போன்றது. வாழ்நாள் முழுவதும் வங்க எண்களிலேயே படித்துப் பழகிய ஒருவர், அந்நிய ஊரில் பதற்றத்தோடு ஒரு சீட்டைப் பார்க்கும்போது, அவர் கண் தனக்குத் தெரிந்ததைத்தான் படிக்கும். எண்களுக்கு மொழி இல்லை என்று நான் எண்ணியிருந்தேன். இப்போது அந்தச் சீட்டில் இரண்டு எழுத்திலும் எண் இருக்கிறது.

எதிர்பார்ப்பை மீறுவதால் வரும் செலவைக் கொடுப்பவர் யார் என்று இங்கே கவனியுங்கள். வடிவமைத்தவன் கொடுப்பதில்லை. முன்பே சோர்ந்திருப்பவர், பசியில் இருப்பவர், மொழி தெரியாதவர், திட்டு வாங்கினால் திருப்பிப் பேச முடியாதவர் கொடுக்கிறார். ஆகையால் புதுமை என்ற பெயரில் பழக்கத்தை மாற்றும் முன், அதனால் பயனருக்குக் கிடைக்கும் நன்மை அவர் படும் பாட்டைவிடப் பெரிதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கும் இது விளங்கக் காலம் பிடித்தது. 1995 முதல் விண்டோஸில் இருந்த ஸ்டார்ட் பொத்தானை மைக்ரோசாஃப்ட் 2012இல் விண்டோஸ் 8இல் எடுத்துவிட்டது. எதிர்ப்பு எழுந்தபின் 2013இல் 8.1இல் பொத்தானைத் திரும்பக் கொண்டுவந்தது.

மறுபக்கமும் உண்டு. பழக்கத்தை அப்படியே காப்பாற்றுவதுதான் நல்ல வடிவமைப்பு என்றால் எதுவுமே மேம்படாது. தமிழ்த் தட்டச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை, தேவையை எண்ணிச் செய்யப்பட்டது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் வலக்கையில், பன்னிரண்டும் பதினெட்டும் ஆய்தமும் சேர்த்து முப்பத்தொரு விசைகளில் மொழி முழுவதும் அடங்கிவிடும். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே வந்து உட்காரும். கற்றுக்கொண்டவர்கள் அதை விடுவதில்லை. ஆனால் கைப்பேசியில் பெரும்பாலோர் ஆங்கில எழுத்துகளில் ‘அம்மா’வை அடித்துத் தமிழாக மாற்றிக்கொள்கிறார்கள், ஏனென்றால் ஆங்கில விசைகளின் இடம் அவர்கள் விரலுக்கு முன்பே தெரியும். சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டி மனுக்களும் பத்திரங்களும் தட்டச்சு செய்பவர்களில் மூத்தவர்களின் விரல்களில் இன்னும் பழைய தட்டச்சுப் பொறியின் வரிசைதான் இருக்கிறது. தட்டச்சுப் பள்ளியில் லோயர், ஹையர் தேர்வுக்குப் பயின்ற வரிசை அது. அவர்களில் ஒருவரிடம் தமிழ்99தான் சிறந்தது என்று நான் ஒருமுறை வாதிட்டேன். ஒரு பத்திரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு, அடுத்த ஆறு மாதத்தில் கிடைக்கும் வேகத்தைவிட இன்று மாலைக்குள் முடிக்க வேண்டிய ஏழு பத்திரங்கள் பெரியவை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதே சரி. புதிதாகக் கற்கும் மாணவருக்குத் தமிழ்99ஐப் பரிந்துரைப்பேன். அந்தத் தட்டச்சருக்கோ மூன்று வரிசைகளையும் கொடுத்து, அவருடையது முதலில் நிற்கும்படி வைப்பேன். ஒரே தேவைக்கு இரண்டு பேரிடம் இரண்டு எதிர்பார்ப்புகள் இருக்கும்போது, சராசரி பார்ப்பதால் இருவருக்கும் தீங்கே விளையும்.

இனி, உண்மையாகவே மோதும் இடங்களுக்கு வருகிறேன். இவற்றில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் எதிர்பார்ப்பை உடைக்க வேண்டியதில்லை. அதன் வழியில் தேவையைக் கொண்டுபோய் நிறுத்தினால் போதும். தொடக்க கால ஏடிஎம் இயந்திரங்கள் சில, பணத்தை முதலில் கொடுத்துவிட்டுக் கார்டைப் பிறகு கொடுத்தன. பணம் எடுக்க வந்தவர் மனத்தில் பணம் கைக்கு வந்த கணமே வேலை முடிந்துவிடுகிறது. கார்டை மறந்து போய்விடுவார். கார்டை மறக்காதீர்கள் என்று எத்தனை அறிவிப்பு வைத்தாலும் முழுப் பயன் இல்லை. வரிசையை மாற்றி, கார்டை எடுத்தால்தான் பணம் வரும் என்று வைத்ததும் மறதி பெருமளவு நீங்கியது. பணத்துடன் வேலை முடியும் என்ற எதிர்பார்ப்பு அப்படியே இருக்கிறது, அதற்கு முன்னால் கார்டு நிற்கிறது. இந்த ஒரு மாற்றத்தை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

இரண்டாம் வகையில் எதிர்பார்ப்பே பயனருக்குக் கேடாக முடிகிறது. யுபிஐ 2016இல் வந்தது. அதில் பின் எண் (PIN) என்பது பணம் கொடுப்பதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும்தான். வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. ஆனால் அதற்குமுன் நம் மக்கள் பின் எண்ணைப் பழகியது ஏடிஎம்மில். அங்கே பின் எண்ணைப் போட்டால் பணம் கைக்கு வரும். அந்தப் பழக்கத்தோடு வந்தவரிடம், உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், பின் எண்ணைப் போட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று ஏமாற்றுக்காரன் தொலைபேசியில் சொல்லும்போது, அது அவருக்கு இயல்பாகவே ஒலிக்கிறது. ஏமாந்தவர்களைப் படிப்பில்லாதவர்கள் என்று சிலர் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்; ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஏமாந்திருக்கிறார்கள், ஏனென்றால் அவர்களுடைய பழைய பாடம் சரியாகவே நினைவில் இருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் எதிர்பார்ப்பை உடைத்தே ஆக வேண்டும், மறைவாக அல்ல, வெளிப்படையாக: பின் எண் கேட்கும் திரையிலேயே, எண்களுக்கு மேலே, ‘உங்கள் கணக்கிலிருந்து 5000 ரூபாய் போகிறது’ என்று பயனரின் மொழியில், அவர் கை தயங்கும் அளவுக்கு எழுதியாக வேண்டும்.

எதிர்பார்ப்பு என்று தோன்றுவது சில வேளை தேவையாகவே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். வாக்குச் சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியில் தாமே போட்டுப் பழகியவர்களுக்கு, மின்னணு இயந்திரத்தின் ‘பீப்’ ஓசை மட்டும் போதவில்லை. ஓட்டு பதிவானால் போதாதா, கண்ணால் வேறு பார்க்க வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் தான் செய்தது தான் எண்ணியபடியே பதிவாயிற்று என்று அறிவது வாக்காளரின் தேவையே. வாக்கு யாருக்குப் பதிவானது என்று சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் இயந்திரம் 2013இல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் முதலில் பயன்படுத்தப்பட்டு, 2019 மக்களவைத் தேர்தலில் எல்லா வாக்குச் சாவடிகளுக்கும் வந்தது; கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி தெரியும் அந்தச் சீட்டு பழைய நம்பிக்கைக்குக் கொடுத்த மதிப்பு. உங்கள் மேலாளர் எக்செலில் எதைப் பார்த்து நிம்மதி அடைகிறார் என்று கண்டுபிடியுங்கள். கூட்டுத்தொகை அடியில் உடனே மாறுவதைப் பார்ப்பதுதான் அது என்று நான் ஊகிக்கிறேன்.

இன்னொரு குழப்பத்தை மட்டும் விரைவாகத் தீர்த்துவிடுகிறேன். ‘எதிர்பார்ப்பு’ என்ற சொல்லை, எப்படி நடக்கும் என்ற பொருளிலும், எந்தத் தரத்தில் இருக்கும் என்ற பொருளிலும் மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். 1984இல் ஜப்பானியப் பேராசிரியர் நொரியாகி கானோ வகுத்தது இரண்டாவதைப் பற்றியது: சில தன்மைகள் இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், இல்லாவிட்டால் எல்லோரும் கோபப்படுவார்கள். மின்சாரம் போய் வந்தபின் பதிந்த கணக்கு அப்படியே இருக்க வேண்டும் என்பது உங்கள் கிடங்கில் அத்தகையது. யாரும் அதை உங்களிடம் கேட்க மாட்டார்கள், நீங்களாகச் செய்துவைக்க வேண்டும்.

தேவையையும் எதிர்பார்ப்பையும் அறியும் வழிகளும் வேறு வேறு. தேவையைத் திரை காட்டாமல் அறிய வேண்டும். ‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்று கேட்காதீர்கள். ‘கடைசியாக எப்போது கணக்கு இடித்தது, அன்று என்ன செய்தீர்கள்’ என்று கேளுங்கள். மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டுகள், மேசை இழுப்பறையில் இருக்கும் சிறிய நோட்டு, சுவரில் பென்சிலால் எழுதிய எண்கள் ஆகியவற்றைப் பாருங்கள். எக்செல் தராத எதுவோ அவற்றில் இருக்கிறது. எதிர்பார்ப்பை அறியத் திரையைக் காட்ட வேண்டும், ஆனால் தொடவிடக் கூடாது. தாளில் வரைந்து வைத்து, இதைத் தொட்டால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டு, அவர் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விளக்கத் தொடங்கிய கணத்தில் அவருடைய எதிர்பார்ப்பு மறைந்து உங்களுடையது வந்துவிடும்.

உங்கள் செயலிக்கு வருகிறேன். கட்டம் போட்ட பட்டியல் அவர் கேட்டபடியே இருக்கட்டும். லாட் எண், நிறம், செலக்ஷன் (தர வகை), எண்ணிக்கை, சதுர அடி என்று அவர் எந்த வரிசையில் நெடுவரிசைகளை வைத்திருக்கிறாரோ அதே வரிசையில் வையுங்கள். என்டர் விசையை அழுத்தினால் எக்செலில் போலவே கீழ்க்கட்டத்துக்குப் போகட்டும். இதனால் உங்கள் நோக்கத்துக்கு எந்த இழப்பும் இல்லை. எண் பலகையைக் கவனியுங்கள்: கைப்பேசியில் 1, 2, 3 மேலே இருக்கும்; கால்குலேட்டரில் 7, 8, 9 மேலே இருக்கும். தொலைபேசிக்கு எது ஏற்றது என்று பெல் ஆய்வகத்தில் ஆராய்ந்து 1960இல் வெளியிட்டார்கள், 1963இல் வந்த பொத்தான் தொலைபேசி அந்த வரிசையைப் பெற்றது. கால்குலேட்டர் தன் பழைய வரிசையிலேயே நின்றுவிட்டது. மேலாளர் நாள் முழுவதும் கால்குலேட்டரைப் பார்க்காமலே தட்டுபவர் என்றால், சதுர அடி பதியும் திரையில் 7, 8, 9ஐ மேலே வையுங்கள். அளவு இயந்திரத்தில் நிற்கும் இளைஞர் கைப்பேசியில் பதிகிறார் என்றால் அவருக்கு 1, 2, 3 மேலே இருக்கட்டும்.

ஜாப் ஒர்க் சிக்கலுக்கு ஏடிஎம் வழியைப் பின்பற்றுங்கள். தனியாக ஒரு ‘வெளியே உள்ள சரக்கு’ பக்கம் செய்து, தினமும் திறந்து பாருங்கள் என்று சொன்னால் யாரும் திறக்க மாட்டார்கள். ஒவ்வொரு நாள் மாலையும் அவர் உங்கள் மாமாவுக்கு மொத்தச் சதுர அடியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மொத்தம் தெரிவதற்கு ஒரு படி முன்னால், திரும்பி வராத லாட்கள், போன தேதியோடு, மூன்று நான்கு வரிகளில் வந்து நிற்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ‘வந்தது’, ‘வரவில்லை’, ‘பாதி வந்தது’ என்று தொட்டபின் மொத்தம் வரட்டும். அவர் வழக்கமாகப் போகும் வழியில்தான் போகிறார்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் எக்செல் பழக்கத்தை உடையுங்கள். எக்செல் கட்டத்தில் பழைய எண்ணின்மேல் புதிய எண்ணை அடித்தால், பார்வையில் பழையது சுவடின்றிப் போய்விடும். கிடங்கில் 1240 சதுர அடி 1204 ஆனால், யார் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாமல் கடைசியில் பழி அளவு இயந்திரத்தில் நிற்கும் இளைஞர்மீது விழும். ஆகவே திருத்தினால் பழைய எண் கோடு போடப்பட்டு அருகிலேயே தெரிய வேண்டும், திருத்தியவர் பெயரும் நேரமும் பதிய வேண்டும். இது அவருக்குப் பிடிக்காமல் போகலாம். தம்மைச் சந்தேகிப்பதாகவும் எண்ணலாம். அதனால் செயலியைக் கொடுக்கும் நாளில் அல்லாமல் அதற்கு முன்பே, உங்கள் மாமாவை அழைக்காமல் நீங்கள் மட்டும் போய், பழைய கணக்கேட்டில் அவர் தம் கையாலேயே எண்ணை அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் போட்ட பக்கம் ஒன்றை எடுத்துக் காட்டிப் பேசுங்கள். எக்செலுக்கு முன் அவர் அப்படித்தான் எழுதியிருப்பார். அந்தப் பக்கத்தைப் பார்த்தபின் திருத்தம் எப்படித் தெரிய வேண்டும், கோடு எங்கே விழ வேண்டும் என்று அவரையே வரைந்து தரச் சொல்லுங்கள்.